புறநகர் பிரிந்தால் பள்ளிக்கூடம் யாருக்கு?

விவாதப் போட்டின்னாலே நம்ம எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. தலைப்பைப் பார்த்த உடனே "நான் ஆதரவு", "நான் எதிர்ப்பு"ன்னு ரெண்டா பிரிஞ்சிடுவோம். காரணத்தை அப்புறம்தான் தேடுவோம். இந்த முறை கொஞ்சம் மாத்திப் பார்ப்போமா? ஒரு நிஜ விவகாரத்தை எடுத்துக்கிட்டு, கேள்விகளை வரிசையா கேட்போம். பக்கம் பிரிவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

தலைப்பு: ஒரு புறநகர்ப் பகுதி பிரிந்து போய், தனி நகரமும் தனிப் பள்ளி நிர்வாகமும் வைத்துக்கொள்ளலாமா?

இடம் அமெரிக்காவின் லூசியானா மாநிலம். அதன் தலைநகரம் பேட்டன் ரூஜ். அங்கே மாவட்டத்தை 'பாரிஷ்' என்பார்கள். ஈஸ்ட் பேட்டன் ரூஜ் பாரிஷும் பேட்டன் ரூஜ் நகரமும் 1949 முதல் ஒரே நிர்வாகத்தில் இருக்கின்றன. அந்த பாரிஷின் தென்கிழக்கில், நகர எல்லைக்கு வெளியே உள்ள பகுதிதான் செயின்ட் ஜார்ஜ்.

முதலில் ஒரு அடிப்படை

நம்ம ஊர்ல அரசுப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் மாநில அரசு கொடுக்குது. நகராட்சி எல்லையை மாத்தி வரைஞ்சாலும் அந்தச் சம்பளம் மாறாது. அமெரிக்காவில் அப்படி இல்லை. பள்ளிச் செலவில் பெரிய பங்கு உள்ளூர் வரியிலிருந்து வருகிறது. லூசியானாவில் சொத்து வரி, விற்பனை வரி இரண்டும் இதில் சேரும். விலை உயர்ந்த வீடுகளும் பெரிய கடைகளும் கோட்டின் எந்தப் பக்கம் விழுகின்றனவோ, அந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கு வசதி கூடும். மாநில அரசு ஓரளவு ஈடு செய்தாலும் வித்தியாசம் முழுதாக மறைவதில்லை. இதை மனசுல வச்சுக்கிட்டு மேலே படிங்க.

நடந்தது என்ன?

செயின்ட் ஜார்ஜ் மக்கள் முதலில் நகரம் கேட்கவே இல்லை; பள்ளிதான் கேட்டார்கள். லூசியானாவில் புதிய பள்ளி நிர்வாகம் அமைக்க மாநில அரசியலமைப்பையே திருத்த வேண்டும். அதற்குச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 2012, 2013 ஆண்டுகளில் அது கிடைக்கவில்லை. "சரி, முதலில் நகரமாவோம், பள்ளியை அப்புறம் கேட்போம்" என்று வழியை மாற்றினார்கள்.

2015-ல் கொடுத்த மனுவில் 71 கையெழுத்து குறைந்ததால் அது தள்ளுபடி ஆனது. எல்லையைச் சுருக்கி மீண்டும் முயன்றார்கள். 2019 அக்டோபர் 12 அன்று நடந்த வாக்கெடுப்பில் 54 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். பேட்டன் ரூஜ் மேயர் தரப்பு நீதிமன்றம் போனது. கீழ் நீதிமன்றங்கள் நகரம் அமைவதை ஏற்கவில்லை. ஆனால் 2024 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் அனுமதித்தது. பள்ளிக்கான அரசியலமைப்புத் திருத்தத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு அனுப்ப 2025-ல் சட்டமன்றம் ஒப்புக்கொண்டது.

ஆக, நகரம் வேறு, பள்ளி வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் விவாதம் அங்கேயே தடம் மாறிவிடும்.

ஆதரவுப் பக்கம்

இவர்கள் வாதத்தைச் சுலபமா ஒதுக்கிட முடியாது. "நாங்கள் வரி கட்டுகிறோம், அதற்கேற்ற சேவை எங்களுக்கு வருவதில்லை. பெரிய பள்ளி நிர்வாகத்தில் எங்கள் குரல் எடுபடவில்லை. நல்ல பள்ளி வேண்டுமென்றால் தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்ட வேண்டும், இல்லை பக்கத்து பாரிஷுக்குக் குடிபோக வேண்டும்" என்கிறார்கள். முன்னுதாரணமும் இருக்கிறது. அதே பாரிஷிலிருந்து ஜக்கரியும் பேக்கரும் 2003-லும், சென்ட்ரல் 2007-லும் தனிப் பள்ளி நிர்வாகம் தொடங்கின. ஜக்கரி பல ஆண்டுகள் மாநிலத் தரவரிசையில் முன்னணியில் இருந்தது.

எதிர்ப்புப் பக்கம்

நகரம் பிரிந்தால் ஆண்டுக்குச் சுமார் 48 மில்லியன் டாலர் வருவாய் கைமாறும் என்று பேட்டன் ரூஜ் தரப்பு கணக்குச் சொன்னது. பள்ளியும் பிரிந்தால், ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கான பழைய செலவுகளை மிச்சமிருக்கும் குறைந்த வருவாயில் யார் சுமப்பது?

இதோடு வரலாறும் வருது. இந்த பாரிஷின் பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழிக்கக் கோரிய வழக்கு 1956-ல் தொடங்கி, 2003-ல்தான் சமரசத்துக்கு வந்தது. பேட்டன் ரூஜ் நகரில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். செயின்ட் ஜார்ஜ் பகுதியில் அவர்கள் 15 சதவீதத்துக்கும் குறைவு. யாருடைய மனசுலயும் வெறுப்பே இல்லைன்னு வச்சுக்கிட்டாலும், அந்தக் கோடு யாரை யாரிடமிருந்து பிரிக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நாம போட வேண்டிய கணக்கு

ஒரு கற்பனைப் பள்ளி. 100 மாணவர்கள். 50 பேரின் சராசரி மதிப்பெண் 80, மற்ற 50 பேரின் சராசரி 60. மொத்தச் சராசரி 70. இப்போ நடுவுல கோடு போட்டு ரெண்டு பள்ளியாக்குங்க. ஒன்றின் சராசரி 80, இன்னொன்றின் சராசரி 60. செய்தித்தாளில் "பிரிந்த பள்ளி முன்னேறியது" என்று வரும். ஆனா ஒரு பையனுக்குக்கூட ஒரு மார்க் கூடவில்லை!

ஜக்கரியைக் காட்டி வாதம் செய்பவரிடம் இதைக் கேளுங்கள்: உயர்வில் எவ்வளவு பங்கு நல்ல நிர்வாகத்தால் வந்தது, எவ்வளவு பங்கு யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதால் வந்தது? நிர்வாகத்தால் கொஞ்சமும் வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சராசரியை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. பிரிந்த பக்கம் மட்டுமல்ல, விடுபட்ட பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்பதையும் அளக்க வேண்டும்.

யாருக்கு ஓட்டு?

2019 வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவர்கள் செயின்ட் ஜார்ஜ் எல்லைக்குள் இருந்தவர்கள் மட்டுமே. வருவாய் இழக்கும் பக்கத்துக்கு ஓட்டு இல்லை. கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரிக்கும்போது போகிறவர் மட்டும் உட்கார்ந்து கணக்கு முடித்தால் ஒத்துக்கொள்வோமா?

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1972 தீர்ப்பு ஒன்று இங்கே உதவும். வர்ஜீனியாவின் எம்போரியா நகரம் தனிப் பள்ளி நிர்வாகம் கேட்டபோது 5-4 என்று தடுத்தார்கள். பிரிவோரின் நோக்கத்தைவிட, நிறப் பிரிவினையை ஒழிக்கும் பணிக்கு அதனால் வரும் விளைவையே நீதிபதிகள் பார்த்தார்கள். பேட்டன் ரூஜில் பழைய வழக்கு முடிந்துவிட்டதால் அந்தச் சட்டப் பாதுகாப்பு இப்போது இல்லை. ஆனால் அந்த அளவுகோல் விவாதத்துக்கு இன்றும் பொருந்தும்.

என் கருத்து

சாலை, குப்பை, கட்டட அனுமதி போன்ற வேலைகளை அருகிலேயே நடத்திக்கொள்ள ஒரு பகுதி ஆசைப்படுவதில் தப்பில்லை. பள்ளியைப் பிரிப்பதற்கு மட்டும் இரண்டு நிபந்தனைகள் வைப்பேன். கோட்டின் இரு பக்கமும் தனித்தனியே ஓட்டுப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய கடனிலும் ஓய்வூதியச் செலவிலும் பிரிந்து போகிறவர்கள் தங்கள் பங்கைக் கட்ட வேண்டும்.

இப்போ உங்க முறை. ஆதரவா பேசப் போறவங்க விடுபட்ட பக்கத்துப் பெற்றோராக அஞ்சு நிமிஷம் பேசிப் பாருங்க. எதிர்ப்பாளர்கள், பிள்ளைக்கு நல்ல பள்ளி தேடி அலையும் செயின்ட் ஜார்ஜ் பெற்றோராகப் பேசிப் பாருங்க. அதுக்கப்புறம் பக்கம் பிரியலாம்.