தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் புள்ளிகளை விளங்கிக்கொள்ளல்

புத்தூருக்கும் அயற் கிராமங்களுக்கும் திரும்பி வந்திருக்கும் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “பிள்ளை புலமைப்பரிசிலில் இவ்வளவு புள்ளிதான் எடுத்திருக்கிறாள். இனி என்ன செய்வது?” சிலர் பிள்ளையை மறுபடியும் அதே தரத்தில் இருத்தலாமா என்று கேட்கின்றனர். சிலர் கடன் பட்டாவது ரியூசனுக்கு அனுப்ப முனைகின்றனர். இன்னும் சிலர், “படிப்பு ஏறாத பிள்ளை” என்று முடிவு கட்டிவிடுகின்றனர்.

இம்முடிவுகள் பிள்ளையின் அடுத்த பத்து வருடத்தைத் தீர்மானிக்கக்கூடியவை. ஆகவே, அவற்றை எடுக்குமுன் அந்தப் புள்ளி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். இப்பாடம் அதற்கு உதவும்.

1. இப்பரீட்சை எதற்காக?

1940களில் கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா இலவசக் கல்வியையும் மத்திய மகா வித்தியாலயங்களையும் ஏற்படுத்திய காலத்தில், வசதி குறைந்த கிராமப் பிள்ளைகளுள் திறமையானோரை நல்ல பாடசாலைகளுக்குக் கொண்டுசெல்லும் வழியாகவே புலமைப்பரிசில் தொடங்கியது. இன்றும் இப்பரீட்சைக்கு இரண்டு நோக்கங்களே உள்ளன.

• குறித்த வருமான எல்லைக்குக் கீழுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாதாந்த நிதியுதவி வழங்குதல்.
• பிரபல பாடசாலைகளில் தரம் 6இல் உள்ள குறைந்தளவு இடங்களுக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்தல்.

இரண்டுமே எண்ணிக்கையில் மட்டுப்படுத்தப்பட்டவை. நூறு பேர் நன்றாக எழுதினாலும் இடம் பத்தே இருந்தால் பத்துப் பேரே தெரிவாவர். அதாவது, இது ஓர் அரிதட்டு. பிள்ளை தரம் 5இல் கற்க வேண்டியதைக் கற்றுவிட்டதா என்பதைத் தீர்மானிக்கும் பரீட்சை இதுவன்று. இப்பரீட்சையில் குறைந்த புள்ளி பெற்ற பிள்ளையும், பரீட்சைக்குத் தோற்றாத பிள்ளையும் தரம் 6இற்குச் செல்ல உரிமையுடையவர்களே.

2. பெறுபேற்றில் உள்ள எண்கள்

பரீட்சையில் இரண்டு வினாத்தாள்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி, மொத்தம் 200.

வினாத்தாள் 1: நாற்பது பல்தேர்வு வினாக்கள். உருவங்களின் ஒழுங்கு, எண் கோலம், காரண காரியத் தொடர்பு போன்றவற்றைப் பிள்ளை எவ்வளவு விரைவாகவும் சரியாகவும் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்பது.

வினாத்தாள் 2: தமிழ், கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் முதலிய பாடங்களிலிருந்து பெரும்பாலும் சிறு விடை எழுதும் வினாக்கள். இரண்டாம் மொழியாகிய சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எளிய வினாக்கள் இருக்கும். வகுப்பில் தொடர்ச்சியாக இருந்த பிள்ளைக்கே இது இலகு.

மொத்தப் புள்ளி: இரண்டின் கூட்டுத்தொகை. 200க்கு 120 என்றால் நூற்றுக்கு 60. தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் போல 120ஐ நூற்றுக்குரியதாக நினைத்துக் குழம்ப வேண்டாம்.

வெட்டுப்புள்ளி: ஒவ்வொரு வருடமும் மாவட்ட வாரியாகவும் மொழிமூல வாரியாகவும் அறிவிக்கப்படும் எண். அதற்கு மேல் பெற்றவர்களே நிதியுதவிக்குத் தகுதி பெறுவர். பிரபல பாடசாலைகளில் சேர்வதற்கான வெட்டுப்புள்ளி வேறு. அது பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடும். ஒரு வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளை மற்றதைத் தாண்டாமல் இருக்கலாம்.

70 புள்ளி: மொத்தமாக 70உம் அதற்கு மேலும் பெற்றவர்களின் தொகையைப் பரீட்சைத் திணைக்களம் தனியாகக் கணிக்கிறது. ஊரில் “சித்தி” என்று சொன்னால் பெரும்பாலும் வெட்டுப்புள்ளியைத் தாண்டியதையே கருதுவார்கள். ஆகவே 70க்கும் வெட்டுப்புள்ளிக்கும் இடையில் நிற்கும் பெருந்தொகைப் பிள்ளைகள் “தவறியவர்கள்” என்ற பெயரைச் சுமக்கிறார்கள். அது சரியன்று.

3. வெட்டுப்புள்ளியைப் பற்றி நான்கு விடயங்கள்

முதலாவது, அது அறிவின் அளவன்று. எத்தனை பேருக்கு உதவி வழங்க முடியும் என்பதிலிருந்து வருவது. வினாத்தாள் இலகுவாக அமைந்த வருடத்தில் எல்லோரும் கூடப் புள்ளி பெறுவர், வெட்டுப்புள்ளியும் ஏறும். கடினமாக அமைந்தால் இறங்கும். ஆகவே, “அண்ணன் 128 எடுத்தவன், தங்கச்சி 121தான்” என்று இரண்டு வருடப் புள்ளிகளை ஒப்பிடுவதில் பொருளில்லை.

இரண்டாவது, அது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஒரே புள்ளி ஒரு மாவட்டத்தில் போதுமாகவும் இன்னொன்றில் போதாததாகவும் இருக்கலாம். உங்கள் பிள்ளை வன்னியிலோ வவுனியாவிலோ பரீட்சை எழுதிவிட்டு இங்கு வந்திருந்தால், எந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி பொருந்தும் என்பதை அதிபரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். அயல் வீட்டாரின் சொல்லை வைத்து நம்பிக்கை இழக்க வேண்டாம்.

மூன்றாவது, யாழ்ப்பாண மாவட்டத் தமிழ்மொழிமூல வெட்டுப்புள்ளி 100ஐ விட நன்றாக மேலே நிற்பது. நூற்றுக்கு ஐம்பது, அறுபது வீதம் பெற்ற, பாடம் விளங்கிய பிள்ளைகள் பலர் இங்கே வெட்டுப்புள்ளிக்குக் கீழேயே இருப்பர்.

நான்காவது, கோட்டின் இரு பக்கமும் நிற்பவர்களிடையே பெரிய வேறுபாடு இல்லை. வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பிள்ளைக்கும் அதைச் சரியாகப் பெற்ற பிள்ளைக்கும் இடையில் உள்ளது ஒரு வினா. அன்று காய்ச்சல் இருந்திருக்கலாம். ஒரு பக்கத்தைப் புரட்ட மறந்திருக்கலாம். பாடசாலை வாசலிற் கட்டப்படும் பதாகையில் ஒருவரின் படம் இருக்கும், மற்றவரின் படம் இராது. அவ்வளவுதான்.

4. ஒரே மொத்தம், இரு வேறு பிள்ளைகள்

பின்வருவது விளக்கத்துக்காக அமைத்த உதாரணம். இரண்டு பிள்ளைகளும் மொத்தம் 98 புள்ளி பெற்றிருக்கின்றனர்.

பிள்ளை அ: வினாத்தாள் 1 – 62, வினாத்தாள் 2 – 36.
பிள்ளை ஆ: வினாத்தாள் 1 – 38; வினாத்தாள் 2 – 60.

மொத்தத்தை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்று. பிரித்துப் பார்த்தால் கதை வேறு.

பிள்ளை அ யோசிக்கக்கூடியது. ஆனால் பாடங்களில் இடைவெளி இருக்கிறது. இரண்டு மூன்று பாடசாலை மாறிய, மாதக்கணக்கில் வகுப்பை இழந்த பிள்ளைகளிடம் இந்த அமைப்பை எதிர்பார்க்கலாம். இதற்கு மருந்து, தவறிய பாடங்களைக் கண்டுபிடித்துக் கற்பித்தல். கூடுதல் மாதிரி வினாத்தாள்களால் இந்த இடைவெளி நிரம்பாது.

பிள்ளை ஆ பாடத்தைக் கற்றிருக்கிறது. ஆனால் பல்தேர்வு வினாவும் நேரக் கட்டுப்பாடும் பழக்கமில்லாமல் இருக்கலாம். அல்லது வினாவை மெதுவாக வாசிப்பதாக இருக்கலாம். இதற்குத் தேவை வாசிப்பு வேகமும் பழக்கமும்.

இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே ரியூசன் வகுப்பு ஒரே பலனைத் தராது. பணம் செலவழிக்குமுன் எந்த வினாத்தாளில், எந்தப் பகுதியில் புள்ளி குறைந்தது என்பதை வகுப்பாசிரியருடன் இருந்து பாருங்கள். இது ஓர் அறிகுறிதான், முடிவான தீர்ப்பன்று. பிள்ளையின் கொப்பிகளையும் சேர்த்துப் பார்த்தே ஆசிரியர் சொல்வார்.

5. தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு

முகாம் பாடசாலையிலோ தமிழ்நாட்டு அரச பள்ளியிலோ படித்த பிள்ளைக்கு இங்கே பாடம் மட்டுமல்ல, சொல்லும் புதிது. பின்வருவன பிள்ளைக்கும் உங்களுக்கும் உதவும்.

• அங்கே “தேர்வு” – இங்கே “பரீட்சை”.
• அங்கே “மதிப்பெண்” – இங்கே “புள்ளி”.
• அங்கே “ஐந்தாம் வகுப்பு” – இங்கே “தரம் 5”.
• அங்கே “தலைமை ஆசிரியர்” – இங்கே “அதிபர்”.
• அங்கே “மாற்றுச் சான்றிதழ்” – இங்கே “விடுகைப் பத்திரம்”.
• அங்கே ஜூனில் பள்ளி ஆண்டு தொடங்கும். இங்கே வழமையாக ஜனவரியில் தொடங்கி மூன்று தவணைகளாக நடைபெறும்.

சிங்களத்தை ஒருபோதும் படிக்காத பிள்ளை, இலங்கையின் மாவட்டங்களையும் ஆறுகளையும் பற்றிக் கேள்விப்படாத பிள்ளை, வினாத்தாள் 2இல் அப்பகுதிப் புள்ளிகளை இழப்பது இயல்பு. அது புதிய பாடத்திட்டத்துக்கு வந்ததன் விளைவு. அங்கே முதலாம் இடம் பெற்ற பிள்ளை இங்கே நடுவில் நின்றால், பிள்ளை பின்வாங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். அங்குள்ள புள்ளி அறிக்கையை எறிந்துவிடாமல் கொண்டுவந்து ஆசிரியரிடம் காட்டுங்கள்.

6. இன்னொரு அளவுகோல்: அத்தியாவசிய கற்றல் தேர்ச்சிகள்

“என் பிள்ளை கற்க வேண்டியதைக் கற்றிருக்கிறதா?” என்ற கேள்விக்குப் புலமைப்பரிசிலை விட நல்ல விடை வகுப்பறையிலேயே இருக்கிறது. ஆரம்பக் கல்வி மூன்று முதன்மை நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது: தரம் 1–2, தரம் 3–4, தரம் 5. ஒவ்வொரு நிலையின் முடிவிலும் பிள்ளை அடைந்திருக்க வேண்டிய அத்தியாவசிய கற்றல் தேர்ச்சிகள் உள்ளன. இங்கே ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளையுடன் ஒப்பிடுவதில்லை, இடம் மட்டுப்படுத்தப்பட்டதுமில்லை. வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் அடையலாம், அடைய வேண்டும்.

தரம் 5இல் இருந்தும் தரம் 2இன் வாசிப்புத் தேர்ச்சி முழுமையாக இல்லாத பிள்ளைக்குப் புலமைப்பரிசில் வழிகாட்டி வாங்கிக் கொடுப்பதால் பயனில்லை. முதலில் வாசிப்பு. எந்த நிலையில் பிள்ளை நிற்கிறது என்று தெரிந்தால்தான் அங்கிருந்து ஏற்ற முடியும்.

7. ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

பெறுபேற்றையும் தவணை அறிக்கையையும் இரண்டு கொப்பிகளையும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையைக் குறைகூறுவதற்காக அல்லாமல், கேட்டு அறிவதற்காகச் செல்லுங்கள்.

• இரண்டு வினாத்தாள்களில் எதில் குறைந்தது? ஏன் என்று நினைக்கிறீர்கள்?
• பிள்ளை தன் தரத்துக்குரிய பகுதியைச் சத்தமாக வாசித்து விளங்கிக்கொள்கிறதா?
• கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலில் எது தடுக்கிறது?
• எந்த முதன்மை நிலைத் தேர்ச்சிகள் இன்னும் அடையப்படவில்லை?
• பாடசாலையில் மேலதிக வகுப்பு நடக்கிறதா? நாங்கள் வீட்டில் எதைச் செய்யலாம்?

புள்ளியில் பிழை இருப்பதாகக் கருதினால் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறுகிய காலமே தரப்படும். பெறுபேறு வந்தவுடனேயே அதிபரிடம் முடிவுத் திகதியைக் கேளுங்கள். நிதியுதவிக்கான விண்ணப்பத்துக்கும் அவ்வாறே.

8. வீட்டில் செய்யக்கூடியவை

இதற்குப் பணம் தேவையில்லை.

• ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும். பழைய பத்திரிகையும் போதும். வாசித்ததைத் தன் சொல்லில் சொல்லச் செய்யுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத அம்மம்மாவும் இதைக் கேட்கலாம்.
• அச்சுவேலிச் சந்தைக்குப் போகும்போது வெங்காயத்தின் விலையைப் பிள்ளை கணக்கிடட்டும்: ஒரு கிலோ இவ்வளவு என்றால் 750 கிராம் எவ்வளவு?
• தோட்டக் காணியைக் காட்டிக் கேளுங்கள்: 16 பரப்பு ஓர் ஏக்கர் என்றால், நாலு பரப்பு ஏக்கரில் எத்தனை பங்கு?
• நிலாவரைக் கிணற்றடியைக் கடக்கும்போது, தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழை நீர் நிலத்தடியில் எப்படிச் சேர்கிறது என்று கதையுங்கள். சுற்றாடற் பாடம் அங்கேயே இருக்கிறது.

9. முடிவு எடுக்குமுன்

புள்ளி குறைந்தது என்பதற்காகப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தக் கூடாது. இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். 14 ஆக இருந்த மேல் எல்லை 2016இல் 16 ஆக்கப்பட்டது. உங்கள் பாடசாலையில் தரம் 5 வரைதான் உண்டென்றால், தரம் 6இற்கு எங்கே சேர்ப்பது என்பதை அதிபர் மூலமோ கோட்டக் கல்வி அலுவலகம் மூலமோ அறியலாம்.

அதே தரத்தில் மீண்டும் இருத்துவதை இப்புள்ளியை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். தன் வயதுத் தோழரை விட்டுப் பிரிந்த பிள்ளை மனம் சோர்ந்து பாடசாலையையே விட்டுவிடலாம். பெரும்பாலும், தோழருடன் தரம் 6இற்குச் செல்லவிட்டு, தவறிய பாடங்களுக்குத் தனியாக உதவுவதே நல்லது. ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து இதைப் பேசித் தீர்மானியுங்கள்.

பிரபல பாடசாலையில் இடம் கிடைத்தாலும் ஒருமுறை யோசியுங்கள். இப்போதுதான் வீடு திரும்பிய பத்து வயதுப் பிள்ளையை மறுபடியும் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ விடுவது அதற்கு இன்னோர் இடப்பெயர்வு. போக்குவரத்துச் செலவையும் பிள்ளையின் விருப்பத்தையும் கணக்கில் எடுங்கள்.

பெறுபேறு வந்த நாளில் பிள்ளையிடம் முதலிற் சொல்ல வேண்டியது புள்ளியைப் பற்றியதன்று. பல இடம் மாறியும் எழுதி முடித்தாயே என்று சொல்லுங்கள். பிறகு ஆறுதலாக இருந்து, இரண்டு வினாத்தாள்களையும் பிரித்துப் பாருங்கள். அடுத்த தவணையில் எங்கிருந்து தொடங்குவது என்பது அதிலேயே தெரியும்.