பாதி பில்லை விழுங்கிய அறை வாடகை

கேள்வி: அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். 3 லட்ச ரூபாய் பாலிசி இருந்தும், 1,20,000 ரூபாய் பில்லில் பாதிதான் கிடைத்தது. ஏன்?

பதில்: பாலிசியில் 'அறை வாடகை' என்ற வரியைத் தேடுங்கள். பல பாலிசிகளில் அதன் வரம்பு காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம். உங்களுக்கு நாளுக்கு 3,000. நீங்கள் 6,000 ரூபாய் ஏசி அறை எடுத்திருந்தால், டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்ஸிங் எல்லாமே அதே விகிதத்தில் பாதியாகும். அட்மிஷன் கவுண்டரில் இதை யார் சொல்கிறார்கள்?

ஆனால் மருந்து, வயிற்றில் வைத்த மெஷ், ஸ்கேன், ஐசியூ கட்டணங்களை இப்படி விகிதம் போட்டு வெட்ட காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2020 விதிகளில் இடமில்லை. அறைக்கு அறை கட்டணம் மாறாத ஆஸ்பத்திரி என்றால் மற்றதிலும் வெட்ட முடியாது. பில்லை வரிவரியாக வைத்து கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.