மழைக்காலத்தில் ஆயில் என்ஜினுக்கு ஓய்வு

செஞ்சி வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பல கிணறுகளில் ஆயில் என்ஜினுக்கு வேலை இருப்பதில்லை. தை மாதத்தில் நிலக்கடலை விழுது இறங்கித் தண்ணீர் கேட்கும்போதுதான் ஹேண்டிலைத் தேடுவர். அப்போது பிஸ்டன் இறுகிக்கிடந்தால், மெக்கானிக் வந்து சேருவதற்குள் பயிர் வாடிவிடும்.

கிணற்றின் உள்திட்டில் பம்புசெட் வைத்திருப்போர் முதல் மழைக்கு முன்பே அதை மேலே ஏற்றிவிட வேண்டும். பாறைக் குன்றுகள் சூழ்ந்த ஊர்களில் மழைநீர் வேகமாக வழிந்தோடி வரும். ஓர் இரவிலேயே திட்டு மூழ்கக்கூடும்.

என்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றி நிறுத்தியபின், பழைய மொபில் ஆயிலைச் சூட்டோடு வடித்துவிடுக. ஓடிய ஆயிலில் கரியும் ஈரமும் அமிலமும் கலந்திருக்கும். மாதக்கணக்கில் உள்ளே நின்றால் பேரிங்கை அரிக்கும். பலர் "அடுத்த போகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று விடுவது இந்த ஆயிலைத்தான். புது ஆயிலை ஓய்வுக்கு முன்னரே ஊற்றுவதே முறை. தண்ணீரால் குளிரும் என்ஜினாயின் அந்நீரையும் வடித்திடல் வேண்டும். டீசல் டாங்கியை நிரப்பி வைப்பது நலம். பாதி காலியான டாங்கியில் காற்றின் ஈரம் நீராகி அடியில் தங்கும்.

அடுத்து, டீசலை அடைத்து, காற்று வடிகட்டியைக் கழற்றி, காற்று போகும் வழியில் ஒரு தேக்கரண்டி சுத்தமான மொபில் ஆயில் விடுக. அதற்கு மேல் கூடாது. டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிக்கொண்டு ஹேண்டிலால் மெதுவாகச் சில சுற்றுச் சுற்றினால் சிலிண்டர் சுவரில் ஆயில் படியும். பின் லீவரை விட்டு, பிளைவீல் கனமாக இறுகும் இடத்தில் நிறுத்துக. அந்நிலையில் இரு வால்வுகளும் மூடியிருப்பதால் ஈரக்காற்று உள்ளே புகாது. மாதம் ஒருமுறை சுற்றி, மீண்டும் அதே நிலையில் நிறுத்துவது அவசியம்.

சைலன்சர் வாயைத் தகர டப்பாவால் மூடாவிட்டால் குளவி கூடு கட்டும், எலியும் குடியேறும். பெல்ட்டைக் கழற்றி நிழலில் தொங்கவிடுக. பம்பின் அடிமூடியைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுக.

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை நடைமுறையில் உள்ளது. விசைப்படகுக்காரர்கள் பழுது பார்ப்பதும் வண்ணம் பூசுவதும் அந்த நாட்களில்தான். தடை முடியும் அன்று படகு கடலுக்குப் போயாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். விவசாயிக்கோ நாள் குறித்துத் தருவார் இல்லை.

செஞ்சிக் கோட்டையில் தானியம் காக்கப் பெரிய களஞ்சியங்களே கட்டினர். என்ஜினுக்கு அவ்வளவு வேண்டாம். ஓரடி உயர மேடையும் ஒழுகாத கூரையும் போதும். பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றுவது தவறு, உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும்.

மீண்டும் ஓட்டும்போது டப்பாவை எடுத்து, ஆயில் அளவு பார்த்து, பம்பில் நீர் நிரப்பி, அதன் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்து, டீசல் குழாயின் காற்றை நீக்கிய பிறகே துவக்குக. முதலில் சிறிது நீலப்புகை வரும். உள்ளே விட்ட ஆயில் எரிந்து தீர்ந்ததும் தானே அடங்கும்.