அடம்பன் கொடிக்கு ஆபத்து இல்லையா?

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். மேடையில் உள்ள மரியாதை கடற்கரையில் அந்தக் கொடிக்கு இல்லை. எழுவான்கரைப் பக்கம் அடிக்கடி காதில் விழும் சில பேச்சுகளை இம்முறை எடுத்துக்கொள்வோம்.

"சிவப்புப் பட்டியலிலேயே அதற்கு ஆபத்து இல்லை என்றுதானே இருக்கிறது?"

இருக்கிறதுதான். ஐ.யூ.சி.என். அமைப்பு அடம்பனைக் ‘கவலை குறைந்த’ இனமாகவே வகைப்படுத்தியுள்ளது. வெப்பமண்டலக் கடற்கரை எங்கும் படர்கிற கொடி அது. விதை கடலில் மாதக்கணக்காக மிதந்துபோய் வேறொரு நாட்டில் கரையேறி முளைக்கும். ஆனால் அந்தக் கணக்கு உலகம் முழுவதுக்கும் போட்டது. நாவலடி தொடங்கித் தாழங்குடா வரை ஒரு கொடி மிஞ்சாமல் போனாலும் பட்டியலில் ஓர் எழுத்து மாறாது.

இதற்கு நேர்மாறான ஒரு செடி கலிஃபோர்னியாவின் அல்கோடோன்ஸ் பாலைவன மணற்குன்றுகளில் இருக்கிறது. பியர்சன் மில்க்வெட்ச் என்று பெயர். அமெரிக்காவுக்குள் அதற்கு வேறு இடமில்லை. மணலில் பாய்ந்தோடும் வாகனங்களால் ஆபத்து என்று கண்டு 1998இல் அதை அச்சுறுத்தலுக்குள்ளான தாவரமாக அறிவித்தார்கள். அதே சில்லு நம் கரையில் அடம்பனை நசுக்கினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கும் இருப்பதால் வந்த வினை.

"இராவணன் மீசை வெறும் முள்ளுப் பற்றை. காலில் குத்தத்தான் லாயக்கு."

குத்தும், உண்மைதான். ஆனால் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அடம்பனோடு கரை மணலில் வளரும் இந்தப் புல்லில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் செடியின் முள்ளுருண்டை முற்றியதும் கழன்று, காற்றில் கரை நெடுக உருண்டோடி, போகிற வழியில் விதையைச் சிந்தும். வாடைக்காற்று தூக்கிவரும் மணல் இதன் விறைத்த இலைகளில் பட்டு வேகம் குறைந்து அங்கேயே விழும். மணல் மூட மூடப் புல் மேலே எழும்பும். அடம்பனும் கணுவுக்குக் கணு வேர்விட்டு மேலே ஏறும். மேடு உயர்வது இப்படித்தான். மாரியில் கடல் குமுறிக் கரையை அரிக்கும்போது, இழந்ததை ஈடுகட்ட அந்த மணல்தான் கையிருப்பு.

"சுனாமியையே தடுக்குமாக்கும்!"

இது மறுபக்க மிகை. கொடியோ புல்லோ சுனாமியை மறிக்காது. உயர்ந்து நின்ற மணல்மேடு சில இடங்களில் மறித்தது. யாலவில் கடல் தெரியட்டும் என்று மேட்டை வெட்டிய ஒரு விடுதி 2004இல் அடியோடு போனது. மேடு குலையாத பக்கத்து இடங்களில் சேதம் குறைவு என்று ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள்.

"அதற்குத்தானே சவுக்கு நட்டிருக்கிறது?"

நிழலுக்கும் விறகுக்கும் சவுக்கு நல்லதுதான். ஆனால் அதன் சருகு மெத்தையாக மூடிவிட்டால் அடியில் கொடி படராது. மேட்டின் கடற்பக்கச் சரிவைக் கொடிக்கு விட்டுவிட்டு உட்புறம் நடுவதே என் கட்சி.

"அரச காணி, யார் கேட்கப் போகிறார்கள்?"

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கேட்கும். உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் மணல் அள்ளுவது மட்டுமல்ல, இயற்கையாக வளர்ந்த தாவரத்தை அகற்றுவதும் அனுமதிப்பத்திரம் வேண்டிய வேலை.

அடுத்த கடற்கரைச் சிரமதானத்துக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பொலித்தீனையும் போத்தலையும் பொறுக்குங்கள், மண்வெட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.