நாய்க்கு எந்த எலும்பு? எந்த இறைச்சி?

இறைச்சிக் கடைக்குப் போகும்போது, வீட்டு நாய்க்கென்று கொஞ்சம் எலும்பும் கழிவும் கேட்டு வாங்கி வருவது பலருடைய வழக்கம். கடைக்காரரும் கையில் அகப்பட்டதை அள்ளிப் பொட்டலம் கட்டித் தருகிறார். அந்தப் பொட்டலத்தில் எது இருக்கலாம், எது இருக்கவே கூடாது என்பதைப் பார்ப்போம்.

எலும்பில்லாத நல்ல தசைக்கறி மட்டும் கொடுத்தால் நாய் கொழுகொழுவென்று வளரும் எனச் சிலர் எண்ணுகிறார்கள். இது சரியன்று. 100 கிராம் தசையில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 200 மில்லிகிராம் உள்ளது. சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியமோ 10 மில்லிகிராம் அளவுதான். நாயின் உடலுக்கு இவ்விரண்டும் ஏறத்தாழச் சம அளவில், கால்சியம் சற்றே கூடுதலாக வேண்டும். கால்சியம் போதாதபோது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. அது எலும்பிலிருந்தே கால்சியத்தைக் கரைத்து எடுத்து இரத்தத்தில் சேர்க்கிறது. கறியை மட்டும் தின்று வளரும் குட்டிகளுக்குக் கால் வளைவதும், சிறு தாவலில் எலும்பு முறிவதும் இதனால்தான்.

எலும்பு இக்குறையை ஈடு செய்யும். ஆனால் வேகவைத்த எலும்பு ஆகாது. ஏன்? ஓர் எளிய சோதனை செய்து பாருங்கள். கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சுத்தம் செய்து சில நாட்கள் வினிகரில் ஊறவையுங்கள். சுண்ணாம்பு உப்புகள் கரைந்துபோய், எலும்பு ரப்பரைப் போல வளையும். எஞ்சி நிற்பது கொல்லாஜன் என்னும் புரதம். எலும்புக்கு வளைந்துகொடுக்கும் தன்மையைத் தருவது இதுவே. வேகவைக்கும்போது கொல்லாஜன் ஜெலட்டினாக மாறி நீரில் கரைந்துவிடுகிறது. (ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கூழாக உறைகிறதல்லவா? அது இந்த ஜெலட்டின்தான்.) கொல்லாஜனை இழந்த எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து, நாயின் தொண்டையையும் குடலையும் குத்திக் கிழிக்கக்கூடும்.

பச்சை எலும்பிலும் ஆட்டின் நல்லி எலும்பு வேண்டாம். உடல் எடையைத் தாங்கும் எலும்பாதலால் மிகக் கடினமானது. நாயின் பல்லே உடையும். கோழிக் கழுத்து மென்மையானது. மெல்லாமல் விழுங்கும் நாயாக இருந்தால் அதையும் அரைத்துக் கொடுப்பது நல்லது. பச்சைக் கோழியில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடுமாதலால், தொட்ட கையையும் தட்டையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

இருக்கவே கூடாதது, ஆடு மாடுகளின் பச்சை ஈரலும் நுரையீரலும். இவற்றில் சில வேளைகளில் நீர் நிறைந்த கட்டிகள் காணப்படும். அவை எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் இளம் பருவம். கட்டியைத் தின்ற நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுக்கள் ஆயிரக்கணக்கில் வளர்கின்றன. நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் புல்லின் வழியே ஆட்டை அடைகின்றன. நாயைத் தடவிய கையின் வழியே நம் வாயையும் அடைகின்றன! மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி பல ஆண்டுகள் ஓசையின்றி வளரும். பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் செய்ய நேரும்.

ஐஸ்லாந்தில் ஒரு காலத்தில் இந்நோய் மிகுந்திருந்தது. 1863இல் அங்கு சென்ற டென்மார்க் விஞ்ஞானி ஹரால்ட் கிராபே, தாம் ஆராய்ந்த நாய்களில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் இப்புழுவைக் கண்டார். கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்குப் போடாமல் எரிக்கவோ புதைக்கவோ வேண்டும் என்று மக்களுக்கு எடுத்துரைக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் அந்நாட்டிலிருந்து இந்நோய் அற்றுப்போயிற்று.

நம் நாட்டில் இப்புழு இன்றும் உண்டு. ஈரல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், சிறு துண்டுகளாக்கி அரை மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவைத்துக் கொடுங்கள். கட்டி தென்பட்டால் நாய்கள் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.