சமவெளி மிதிவண்டியாளர் மலையைத் தேர்வது எப்படி? ஏழு நாள் பயிற்சிக்கு ஒரு வழிகாட்டி

புவனகிரி, சிதம்பரம், கடலூர் வட்டாரம் வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் தாழ்நிலம். ஆற்றுப் பாலங்களின் முகப்பையும் கடலூரை ஒட்டிய கேப்பர் மலை என்னும் செம்மண் மேட்டையும் தவிர, ஏற்றம் என்று சொல்லத்தக்கது இங்கு அரிது. எனவே இவ்வட்டாரத்து மிதிவண்டியாளர்கள் மலைப் பயிற்சிக்கு மேற்கே செல்ல வேண்டியுள்ளது. அதற்குக் கல்வராயன் மலை, ஏற்காடு, கொல்லிமலை, நீலகிரி என்னும் நான்கும் முதன்மையான வாய்ப்புகளாக உள்ளன.

தேர்வின் அளவுகோல்

மலையின் உயரத்தை முதல் அளவுகோலாகக் கொள்வது பரவலான வழக்கமாயினும், ஒரு வாரப் பயிற்சிக்கு அது பொருந்துவதில்லை. உயர்ந்த இடத்தில் காற்றழுத்தம் குறைவதால் மூச்சுக்குக் கிடைக்கும் உயிர்வளி குறைகிறது. அக்குறையை ஈடுசெய்யக் குருதியில் சிவப்பணுக்கள் போதிய அளவு பெருகுவதற்குப் பொதுவாக மூன்று வாரமேனும் ஆகும். ஏழு நாளில் திரும்பிவிடுவோருக்கு உயரத்தின் களைப்பு கிட்டுமேயன்றி அதன் பயன் பெரிதாகக் கிட்டாது.

ஏற்றத்துக்குரிய கால்வலுவை ஓரளவு சமவெளியிலேயே வளர்த்துக்கொள்ளவும் இயலும். பிற்பகலில் வீசும் கடற்காற்றை எதிர்த்துக் கனமான கியரில் மிதிப்பவரின் தசைகள் ஏற்றத்தில் உழைப்பதுபோலவே உழைக்கின்றன. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளுடைய நீண்ட இறக்கத்துக்கு இந்தத் தாழ்நிலத்தில் மாற்று எதுவும் இல்லை. ஆகவே நீண்ட ஏற்றத்தோடு இறக்கத்தைப் பழகும் வசதியும், ஒரே பாதையில் பலமுறை ஏறி முன்னேற்றத்தை அளக்கும் வாய்ப்பும் எந்த மலையில் உள்ளன என்பதே கேட்க வேண்டிய கேள்வியாகும்.

நான்கு மலைகள்

கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவிய கல்வராயன் மலை இவற்றுள் மிக அருகிலுள்ளது. விருத்தாசலம்–சேலம் ரயில் பாதையிலுள்ள சின்னசேலத்தில் இறங்கி, கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறலாம். போக்குவரத்து குறைவு; செலவும் குறைவு. ஆயினும் தங்கும் இடங்களும் சைக்கிள் பழுதுபார்க்கும் வசதியும் மிகக் குறைவாதலால், இது முழு வார முகாமைவிட இரண்டு மூன்று நாள் முன்னோட்டத்துக்கே ஏற்றது.

சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலமோ 280 மீட்டர் அளவில் உள்ளது. அடிவாரத்திலிருந்து ஏறும் முதன்மைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சராசரிச் சரிவு ஐந்து, ஆறு விழுக்காட்டு அளவில் அமைகிறது. நூறு மீட்டர் முன்னே செல்லும்போது எத்தனை மீட்டர் மேலே ஏறுகிறோம் என்பதையே சரிவு விழுக்காடு குறிக்கும். குப்பனூர் வழியாக இரண்டாவது பாதை இருப்பதால் ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்கலாம். கடைகளும் மருத்துவமனைகளும் நிறைந்த சேலம் நகரம் அருகிலிருப்பது கூடுதல் பாதுகாப்பாகும்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை 1000 முதல் 1300 மீட்டர் வரையிலான உயரமுடையது. காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறக்கத்தைக் கற்பதற்கு நிகரற்ற பள்ளியாக அமைகின்றன. ஆனால் அதே வளைவுகள் புதியவரைத் தண்டிக்கவும் வல்லவை. ஏற்காட்டில் சில நாள் பழகியவருக்கே இம்மலையைப் பரிந்துரைக்கலாம்.

நீலகிரியின் மதிப்பு தனியானது. 2008 முதல் நடைபெற்றுவரும் 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' மிதிவண்டிப் பயணத்தால் புகழ்பெற்ற கல்லட்டி ஏற்றம், மசினகுடியிலிருந்து 36 வளைவுகளில் உதகைப் பக்கம் ஏறுகிறது. அதன் சரிவு பல இடங்களில் பத்து விழுக்காட்டைத் தாண்டுகிறது. உதகையின் உயரம் 2240 மீட்டர் அளவாதலால் அங்கு காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல் உள்ளது. துணைக்கு வண்டி கொண்டு செல்வோர் 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த இ-பாஸைப் பெற வேண்டும். மசினகுடிப் பகுதி யானைகளின் நடமாட்டமுடையது என்பதால் விடியலிலும் அந்தியிலும் அங்கு மிதிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

பருவமும் வண்டியும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இம்மலைச் சாலைகளை நனைக்கும்; ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலா வண்டிகள் வளைவுகளை அடைக்கும். எனவே பொங்கலுக்குப் பின் தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரையிலான காலமே உகந்தது. சமவெளிக்கெனப் பொருத்தப்பட்ட கியர்கள் மலைக்குப் போதா. முன்புறச் சிறிய பல்சக்கரத்தில் 34 பற்களும் பின்புறப் பெரிய பல்சக்கரத்தில் 32 அல்லது 34 பற்களும் இருந்தால், மிதி ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரமும் ஏறத்தாழ ஒரு சுற்றே சுற்றும். முழங்காலில் அழுத்தம் குறையும். இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாது பிடித்தால் அது சூடேறி வலுவிழக்கும் என்பதால், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்துவதே முறை.

வாரத்தின் அமைப்பும் முடிவும்

முதல் நாள் எளிய ஓட்டம், இரண்டாம் நாள் ஒரு முழு ஏற்றம், மூன்றாம் நாள் இரண்டு ஏற்றம், நான்காம் நாள் ஓய்வு, ஐந்தாம் நாள் நெடிய சுற்று, ஆறாம் நாள் இரண்டாம் நாளின் ஏற்றத்தையே மீண்டும் ஏறி நேரத்தை ஒப்பிடுதல், ஏழாம் நாள் திரும்புதல் என்று திட்டமிடலாம். இந்த ஒப்பீட்டுக்குத் தங்குமிடம் மாறாமலும் பாதை மாறாமலும் இருக்க வேண்டும்.

இவ்வளவையும் சீர்தூக்கினால், முதன்முறை மலையேறும் குழுவுக்கு ஏற்காடும், இறக்கத்தில் தேர்ச்சி பெற விரும்புவோருக்குக் கொல்லிமலையும், இவ்விரண்டிலும் பழகி நெடும்பயணத்துக்கு ஆயத்தமாவோருக்கு நீலகிரியும் பொருந்தும் என்பது விளங்கும். இரண்டு மூன்று நாளே ஒதுக்க இயலும் என்றால் கல்வராயனே போதும். எந்த மலையைத் தேர்ந்தாலும், ஏறிய நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளாமல், இறக்கத்தில் எந்த வளைவில் தடுமாற்றம் நேர்ந்தது என்பதையும் நாள்தோறும் எழுதிவைப்பது நன்று. ஊர் திரும்பியபின் கடற்காற்றிடம் கற்றுக்கொள்ள முடியாத பாடம் அந்தக் குறிப்பில்தான் இருக்கும்.