டிக்கிக்குள் யார் தட்டுவது?

கேள்வி:

என்னிடம் இருப்பது டொயோட்டா கொரோலா 121. புத்தளம் நகரிலிருந்து தினமும் கற்பிட்டிப் பக்கமுள்ள ஒரு பாடசாலைக்குப் போய் வருகிறேன். நாலு மாதமாக டிக்கியில் 'கடகட' என்று ஒரு சத்தம். பாலாவிச் சந்தியில் திரும்பி நுரைச்சோலை போய்ச் சேர்வதற்குள் தலையிடி வந்துவிடுகிறது. வீதி சமமாக இருந்தால் சத்தமில்லை, சின்னச் சின்னக் குழிகளில்தான் கூடுகிறது. பெரிய பள்ளத்தில் விழுந்தால் ஒரே ஒரு 'டக்'. கராஜில் காட்டியபோது பின் ஷொக் இரண்டும் போய்விட்டன என்று மாற்றிவிட்டார்கள். காசு போனது, சத்தம் போகவில்லை. பழைய போர்வையெல்லாம் அடைத்துப் பார்த்தேன், அதற்கும் அடங்கவில்லை. என்ன செய்யலாம், நானா?

– ஓர் ஆசிரியர், புத்தளம்

பதில்:

சேர், முதலில் அந்தப் போர்வைகளை வெளியே எடுங்கள். சத்தத்தை அமுக்கினால் அது எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் மறைந்துபோகும். டிக்கி ஒரு வெற்றுப் பீப்பாய் மாதிரி. ஒரு மூலையில் சின்ன ஆணி ஆடினாலும் நாலு பக்கத் தகரத்திலும் மோதித் திரும்பும். அதனால் முன்சீற்றில் இருந்துகொண்டு 'இடது பக்கம்தான்' என்று காதால் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். நாலு மாதத்துக்கு முன் டயர் பஞ்சர் ஆகி, வழியில் நீங்களே மாற்றினீர்களா? ஆம் என்றால் பாதி வேலை முடிந்தது. ஜக்கை அதன் தாங்கியில் வெறுமனே வைத்தால் போதாது. வைத்த பிறகு அதன் திருகைக் கையால் சுற்றி, ஜக் விரிந்து தாங்கிக்குள் இறுகும்வரை திருப்ப வேண்டும். அவசரத்தில் யாரும் இதைச் செய்வதில்லை. சின்னக் குழியில் 'கடகட' என்பது பெரும்பாலும் ஜக், இல்லையென்றால் பையில்லாமல் கிடக்கும் வீல் ஸ்பானர்.

பெரிய பள்ளத்தில் கேட்கும் அந்த ஒற்றை 'டக்' வேறு ஆள். கனமான ஏதோ ஒன்று எழும்பி விழுகிறது. ஸ்பெயார் வீலை நடுவில் பிடித்திருக்கும் திருகைப் பாருங்கள். வேறு அளவு டயரைப் போட்டிருந்தாலோ, வீலைத் தலைகீழாக வைத்திருந்தாலோ அந்தத் திருகு முழுதாக இறங்காது. கைக்கு இறுக்கமாகத் தெரியும், வீல் மட்டும் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜக், ஸ்பானர், ஸ்பெயார் வீல், விரிப்பு எல்லாவற்றையும் வீட்டில் இறக்கிவிட்டு வெறும் டிக்கியோடு அதே பாதையில் பக்கத்து ஊர் வரை போய் வாருங்கள். ஸ்பெயார் இல்லாமல் தூரம் போக வேண்டாம். சத்தம் நின்றுவிட்டால் இறக்கிய சாமான்களில் ஒன்றுதான் கள்ளன். ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள்.

அப்படியும் நிற்கவில்லையென்றால் மூடியைச் சந்தேகிக்க வேண்டும். மூடியின் லொக் போய்க் கவ்வும் வளைந்த கம்பி கீழே இருக்கிறதல்லவா, அதில் இன்சுலேஷன் டேப்பை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு ஓட்டுங்கள். சத்தம் குறைந்தால் இடம் அதுதான். டேப் சோதனைக்கு மட்டும், மருந்து அல்ல. மூடியின் இரண்டு மூலையிலும் உள்ள ரப்பர் குமிழ்களைக் கொஞ்சம் வெளியே திருகினாலே பல கார்களில் சரியாகிவிடும். போதாவிட்டால் அந்தக் கம்பியின் பொல்ட்டுகளைத் தளர்த்தி ஒரு மில்லிமீற்றர் கீழிறக்கி இறுக்குங்கள். தளர்த்துமுன் பழைய இடத்தைப் பேனையால் அடையாளம் போடுங்கள்.

மூடியைத் தூக்கி நிறுத்துகிற முறுக்குக் கம்பிகள் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடத்திலும் சத்தம் வரும். நடுவில் இருந்த பிளாஸ்டிக் கிளிப் வெயிலில் நொறுங்கியிருக்கும். கம்பியில் துணி டேப் சுற்றினால் போதும். கம்பியைக் கழற்ற மட்டும் முனைய வேண்டாம். அது முறுக்கேறி நிற்கிறது, விட்டால் முகத்தில் அடிக்கும்.

இலக்கத் தகட்டையும் மறக்காதீர்கள். ஒருமுறை சிலாபத்திலிருந்து வந்த காரின் பின்பகுதி முழுவதையும் கழற்றிவிட்டு மூன்று மணி நேரம் விழித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் மூடியைச் சாத்தும்போது தகட்டின் கீழ் விளிம்பு தகரத்தில் அடித்தது காதில் விழுந்தது. பின்னால் இரண்டு துண்டு ஸ்பொன்ஜ் டேப் ஒட்டினேன், முடிந்தது. அன்று கூலி கேட்கவே வெட்கமாக இருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் எரிச்சல் தரும் சத்தங்கள். இனிச் சொல்வது ஆபத்தானவை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, இடையில் உப்பளம் என்று ஓடுகிற கார் உங்களுடையது. உப்புக் காற்று அடியிலிருந்துதான் தின்னும். கார் நிற்கும்போது எஞ்சின் ஓட 'சிர்ர்' என்று கேட்டால் சைலன்சர் பக்கத்து வெப்பத் தடுப்புத் தகடு துருப்பிடித்துக் கழன்றிருக்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கையால் தட்டிப் பாருங்கள். பெரிய எவர்சில்வர் ஹோஸ் கிளிப் ஒன்றால் சுற்றி இறுக்கலாம். தகட்டையே பிய்த்து எறியச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அது சூட்டை வண்டியின் தரைக்கு ஏறவிடாமல் தடுக்கிறது.

ஸ்பெயார் வீல் குழியில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பாருங்கள். துருவை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிறதென்றால் டின்கரிங் வேலைக்குப் போக வேண்டியதுதான். மூடியின் ரப்பரைச் சோதிக்க ஒரு கடதாசித் துண்டை இடையில் வைத்துச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. அந்த வழியாகக் கற்பிட்டி மணல் மட்டுமல்ல, சைலன்சர் புகையும் உள்ளே வரும். அதிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மீன் பெட்டி ஏற்றுவதற்காக மூடியைக் கயிற்றால் கட்டித் திறந்தபடி ஓட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். ரப்பருக்கு சிலிக்கோன் பூசுங்கள், எஞ்சின் ஒயில் வேண்டாம்.

பிரியஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 12 வோல்ட் பெற்றறி டிக்கியின் வலது மூலையில் இருக்கிறது. அதன் பிடி தளர்ந்தாலும் 'டக்' என்றுதான் கேட்கும். அதை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக, கராஜில் மாற்றிய அந்த ஷொக் விஷயம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் எல்லோரும் பழைய வண்டியையே பழுதுபார்த்து ஓட்டினோம். இருபது வயதுக் காரில் ஷொக் தேய்ந்திருப்பது புதுமையல்ல, உங்களுடையதும் தேய்ந்திருக்கலாம். ஆனால் டிக்கியைக்கூடத் திறந்து பார்க்காமல் அதை மாற்றியிருந்தால் அது வேலையல்ல. இனி யாராவது எதையாவது மாற்றச் சொன்னால், பக்கத்தில் இருந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

ஸ்பெயார் வீலை இறுக்குமுன் அதன் காற்றையும் பாருங்கள் சேர். என்னிடம் வருகிற வண்டிகள் பலவற்றில் அது தட்டையாகத்தான் இருக்கிறது.